விழுந்து கிடக்கும் வண்டியைச் சட்டென்று தூக்காதீர்கள்

முதல் முறை நடந்தபோது, நிறுத்திவிட்டுப் போன என் மோட்டார் சைக்கிள் திருடு போய்விட்டது என்றுதான் நினைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் நிறுத்திய இடம் காலியாகத் தெரிந்தது. கிட்டே போன பிறகுதான், வலது பக்கமாகச் சாய்ந்து தரையோடு தரையாகக் கிடப்பது கண்ணில் பட்டது. சுற்றிலும் ஆள் இல்லை. பையை வீசிவிட்டு ஓடிப்போய் ஹேண்டிலைப் பிடித்து ஒரே மூச்சில் தூக்கினேன். என் எடை 52 கிலோ. வண்டி 148 கிலோ, அதில் கட்டியிருந்த சாமான் ஒரு 15 கிலோ. கோபத்தில் எங்கிருந்து பலம் வந்ததோ, வண்டி நிமிர்ந்தது. நிமிர்ந்த வேகத்தில் நிற்காமல் அப்படியே இடது பக்கம் போய் விழுந்தது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திய வண்டி, அதனால் சைடு ஸ்டாண்ட் மடங்கியே இருந்தது. அந்தப் பக்கம் தாங்கிப் பிடிக்க ஒன்றுமே இல்லை.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். யாரோ தள்ளிவிட்டதில் போனது ஒரு இண்டிகேட்டரும் கொஞ்சம் பெயின்ட்டும். நான் தூக்கியதில் போனது கிளட்ச் லீவர், இடது கண்ணாடி, உள்பக்கமாக வளைந்துபோன கியர் லீவர்.

அதற்குப் பிறகு வெவ்வேறு பயணங்களில் இன்னும் மூன்று முறை என் வண்டி விழுந்து கிடந்திருக்கிறது. இங்கே எழுதுவதெல்லாம் அந்த நான்கு முறையில் கற்றது. பாதி பட்டுத் தெரிந்தது, மீதி மெக்கானிக்குகளிடம் திட்டு வாங்கித் தெரிந்தது.

கிட்டே போனதும்

முதலில் மூக்கைப் பயன்படுத்துங்கள். டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும், சாய்ந்து கிடக்கும்போது அதன் வழியாகப் பெட்ரோல் கசியலாம். கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) இருக்கிற வண்டியாக இருந்தால் அதன் வழிகால் குழாயிலிருந்தும் வரும். வாசனை அடித்தால், வேடிக்கை பார்க்கிறவர் கையில் சிகரெட் இருக்கிறதா என்று பார்த்து விலகச் சொல்லுங்கள். பெட்ரோல் குழாயை மூட ஒரு திருகு இருக்கிற வண்டி என்றால் மூடுங்கள். பெட்ரோல் தாரையாகப் போய்க்கொண்டிருந்தால் இரண்டே இரண்டு படம் எடுத்துவிட்டு உடனே தூக்க வேண்டியதுதான். சொட்டுச் சொட்டாக என்றால் ஐந்து நிமிடத்தில் ஒன்றும் ஆகாது.

அந்த ஐந்து நிமிடத்தில் படம் எடுங்கள். வண்டி கிடக்கும் கோலத்தை நான்கு பக்கத்திலிருந்தும், நம்பர் பிளேட் தெரியும்படி ஒன்று, பக்கத்தில் நிற்கும் வண்டிகளின் நம்பர்களோடு ஒன்று, தரையில் ஒன்று. தரைப் படத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். எனக்கு அதுதான் இரண்டு முறை கை கொடுத்தது.

வண்டி எப்படி விழுந்தது என்பது தரையில் எழுதியிருக்கும். சைடு ஸ்டாண்டின் நுனி நின்ற இடத்தைத் தேடுங்கள். அங்கே குழியாக அமிழ்ந்திருந்தால் யார் மேலும் பழி போட முடியாது. மண் இளகியோ, வெயிலில் தார் உருகியோ ஸ்டாண்ட் உள்ளே போய் வண்டி தானாகவே சாய்ந்திருக்கிறது. குழி இல்லாமல் அரை வட்டமாக ஒரு கீறல் இருந்தால், எதுவோ பின்னாலிருந்தோ முன்னாலிருந்தோ வண்டியைத் தள்ளித் திருப்பியிருக்கிறது. நேர்கோடாகக் கீறல் இருந்தால் வண்டி உருண்டு ஸ்டாண்டிலிருந்து நழுவியிருக்கலாம். சரிவில் நியூட்ரலில் விட்டுப்போன வண்டிக்கு இதுதான் நடக்கும். எனது இரண்டாவது முறை அப்படித்தான். பக்கத்தில் கார் நிறுத்தியிருந்தவரிடம் சண்டைக்குப் போகப் பார்த்து, அந்தக் கோட்டைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது முறை வேறு மாதிரி. பின்பக்கப் பிடிகம்பியில் என் வண்டிக்குச் சம்பந்தமே இல்லாத வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. தரையில் நகக்கண் அளவுக்கு ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் சில்லு. என் வண்டியின் பின்விளக்கு முழுசாக இருந்தது. கம்பியில் பெயின்ட் இருந்த உயரத்தைக் காட்ட, பக்கத்தில் தண்ணீர் பாட்டிலை நிறுத்தி வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன். சில்லைப் பொறுக்கி ஹெல்மெட்டுக்குள் போட்டேன். அதை என்ன செய்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பக்கத்தில் கண்காணிப்பு கேமரா ஏதாவது இந்தப் பக்கம் பார்க்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். இருந்தால் அன்றைக்கே கேளுங்கள். பழைய பதிவின் மேலேயே புதியது பதிவாகிக்கொண்டு போகும். ஊருக்குத் திரும்பிப் போய் ஒரு வாரம் கழித்துக் கேட்டால் பெரும்பாலும் மிஞ்சியிருக்காது.

தூக்குவது

யாராவது "நகருங்கக்கா, நாங்க தூக்கித் தர்றோம்" என்று வந்தால் தாராளமாக ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்கே பிடிக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். நல்ல மனதோடு வருகிறவர்கள் இண்டிகேட்டரைப் பிடித்துத் தூக்குவார்கள், கண்ணாடியைப் பிடிப்பார்கள், சைலன்சரில் கை வைத்துச் சுட்டுக்கொள்வார்கள். ஹேண்டில் கைப்பிடி, வண்டியின் இரும்புச் சட்டம் (ஃப்ரேம்), பின்சீட்டுப் பிடிகம்பி, இந்த மூன்றைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. முதலில் சாமானைக் கழற்றி இறக்குங்கள். ஹேண்டில் லாக் போட்டிருந்தால் சாவியை விட்டு எடுத்துவிடுங்கள். லாக்கோடு ஹேண்டிலை நெம்பினால் லாக்கே உடைந்து போகலாம்.

வண்டி எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்து வேலை மாறும்.

வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்ட் மேலே, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். அதை முழுவதும் வெளியே இழுத்துவிடுங்கள். கியர் லீவரும் மேலே இருக்கும், பின்சக்கரத்தைக் கையால் கொஞ்சம் சுற்றிக்கொண்டே முதல் கியரில் போட்டுவிடுங்கள். இனி வண்டி உருளாது, அந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஸ்டாண்ட் தாங்கும்.

இடது பக்கம் விழுந்திருந்தால் ஸ்டாண்டும் கியரும் வண்டிக்கு அடியில். ஆனால் முன்பிரேக் லீவர் மேலே இருக்கும். அதை அழுத்திப் பிடித்து, பையின் வார், கயிறு, தலைமுடி ரப்பர் பேண்ட் என்று கையில் கிடைத்ததை வைத்துக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். வண்டி நிமிர்ந்த பிறகு காலால் துழாவி ஸ்டாண்டை இறக்க வேண்டியிருக்கும்.

இனி உடம்பு. குனிந்து கையால் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், பயணம் அங்கேயே முடிந்துவிடும். வண்டிக்கு முதுகைக் காட்டுங்கள். கீழே கிடக்கும் கைப்பிடி டேங்கை ஒட்டி வரும்படி ஹேண்டிலை முழுக்கத் திருப்பிக்கொண்டு, சீட்டின் விளிம்பில் பின்புறத்தை அழுத்தி, நாற்காலியில் உட்காரப்போவது போல முட்டியை மடக்குங்கள். ஒரு கை அந்தக் கைப்பிடியில், இன்னொரு கை சீட்டுக்குக் கீழே சட்டத்திலோ பிடிகம்பியிலோ. கையை மடக்காமல் முதுகை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடங்கள். தூக்குவது தொடைதான், கை வெறும் கொக்கி. முக்கால்வாசி நிமிர்ந்ததும் கனம் சட்டென்று குறையும். நான் முதல் முறை கோட்டை விட்டது அந்த இடத்தில்தான். அங்கே வேகத்தைக் குறைத்து மெதுவாக ஸ்டாண்டில் சாயவிடுங்கள்.

தரையில் எண்ணெயோ ஈரமோ இருந்தால் கால் வழுக்கும். ஒரு பிடி மண்ணைத் தூவிக்கொள்ளுங்கள். இரண்டு முறை முயன்றும் முடியவில்லை என்றால் மூன்றாவது முயற்சி வேண்டாம், ஆள் வரும்வரை உட்காருங்கள்.

ஸ்டார்ட் பட்டனைத் தொடுவதற்கு முன்

தூக்கியதும் கை தானாகவே ஸ்டார்ட்டருக்குப் போகும். போகட்டும் என்று விட்டால் இன்ஜினே போகலாம். வண்டி படுத்துக் கிடந்தபோது என்ஜின் ஆயில் இருக்கக் கூடாத இடத்துக்கெல்லாம் போயிருக்கும், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளும் சில சமயம் சிலிண்டருக்குள்ளும். பெட்ரோலும் அப்படியே. காற்றை அழுத்தலாம், திரவத்தை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே திரவம் தேங்கியிருக்கும்போது இன்ஜினைச் சுற்றவிட்டால் பிஸ்டனோடு இணைந்திருக்கும் கனெக்டிங் ராடு என்ற தண்டு வளையும். அதற்கு இன்ஜினைப் பிரிக்க வேண்டும்.

எனவே பத்து நிமிடம் நிமிர்ந்து நிற்கட்டும். அதற்குள் ஆயில் அளவைப் பாருங்கள், வண்டியை நேராக நிறுத்திப் பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம் கிடந்தது என்று தெரியாவிட்டால், அல்லது ஸ்டார்ட்டரைத் தட்டியதும் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டால், மேற்கொண்டு அழுத்தாதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஓட்டைக்கு நேரே முகத்தை வைக்காமல், இன்ஜினை மெல்லச் சுற்றவிட்டு உள்ளே இருப்பதை வெளியேற்ற வேண்டும். பெட்ரோலும் தெறிக்கலாம், ஆகவே கழற்றிய பிளக்கின் வயரை ஓட்டையிலிருந்து தள்ளி வையுங்கள். இது கைவராதவர்கள் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே மேல்.

ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) இன்னொன்று உண்டு. வண்டி சாய்ந்தால் இன்ஜினை நிறுத்திவிடும் சென்சார் பல வண்டிகளில் இருக்கிறது. தூக்கிய பிறகும் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால், சாவியை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். ஒரு முறை இதற்காக நான் அரை மணி நேரம் வண்டியைத் தள்ளியிருக்கிறேன், சொன்னால் வெட்கம்.

ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் நீலப் புகை வந்தால் பயப்படாதீர்கள், உள்ளே போன ஆயில் எரிகிறது. சில நிமிடத்தில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

ஓட்டலாமா, கூடாதா

கீறல், நசுங்கல், உடைந்த கண்ணாடி எல்லாம் மனசுக்குத்தான் வலி. ஓட்ட முடியுமா என்பதை வேறு ஐந்தாறு இடங்கள்தான் தீர்மானிக்கின்றன.

முதலாவது ஆக்சிலேட்டர். முறுக்கி விட்டால் 'டப்' என்று தானாகத் திரும்ப வேண்டும். விழும்போது கைப்பிடியின் முனை உள்ளே தள்ளப்பட்டு உரசிக்கொண்டிருந்தால் திரும்பாது. ரப்பரைக் கொஞ்சம் வெளியே இழுத்தாலே சரியாகிவிடும். ஹேண்டிலை இடது கடைசி, வலது கடைசி என்று திருப்பி, இரண்டிலும் விட்டுப் பாருங்கள். திரும்பாத ஆக்சிலேட்டரோடு ஓர் அடிகூட நகரக் கூடாது.

அடுத்தது முன்பிரேக். டிஸ்க் பிரேக் வண்டியில் லீவர் கைப்பிடிவரை தொளதொளவென்று வந்தால் பிரேக் ஆயிலுக்குள் காற்றுப் புகுந்திருக்கிறது. பிரேக் ஆயில் டப்பா எல்லாவற்றையும்விட உயரமாக இருக்கும்படி ஹேண்டிலைத் திருப்பி வைத்து லீவரை மெதுவாகப் பலமுறை அழுத்தினால் சின்னக் குமிழிகள் மேலேறிவிடும். இராத்திரி தங்கும் இடமாக இருந்தால் லீவரை அழுத்திக் கட்டிவிட்டுத் தூங்குங்கள், காலையில் பெரும்பாலும் இறுகியிருக்கும். டப்பாவிலிருந்து ஆயில் வழிந்திருந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பெயின்ட்டை அரித்துவிடும்.

வளைந்த லீவரை நிமிர்த்தாதீர்கள். அலுமினிய வார்ப்பு, ஒரு முறை வளையும், திருப்பி வளைத்தால் 'பளக்' என்று கையோடு வரும். இரண்டு விரலுக்கு இடம் இருந்தால் அப்படியே ஓட்டலாம். கிளட்ச் லீவர் பாதி உடைந்திருந்தால், மிச்சமிருக்கும் துண்டில் லாக் பிளையரை (கவ்வியபடியே பூட்டிக்கொள்ளும் குறடு) கவ்வவிட்டு அடுத்த ஊர்வரை போகலாம், நான் போயிருக்கிறேன். பிரேக் லீவருக்கு இந்த வித்தை வேண்டாம்.

கியர் லீவர் வளைந்து இன்ஜின் உறையில் முட்டிக்கொண்டிருந்தால் வண்டியிலேயே வைத்துச் சுத்தியலால் அடிக்கத் தோன்றும். அடித்தால் உள்ளே இருக்கும் தண்டு போய்விடும். ஒரே ஒரு போல்ட்தான், கழற்றிக் கீழே வைத்து நிமிர்த்தி மாட்டுங்கள்.

முன்சக்கரம் நேராக இருக்க ஹேண்டில் மட்டும் கோணலாகத் தெரிந்தால் ஃபோர்க் (முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய்) வளைந்துவிட்டதென்று பதறாதீர்கள். ஃபோர்க் குழாய்கள் அவற்றைக் கவ்வியிருக்கும் பிடிகளுக்குள் கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருக்கும். சக்கரத்தை இரண்டு முட்டிக்கும் நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை எதிர்ப்பக்கமாக ஒரு வெட்டு வெட்டினால் ஓரளவு நேராகும். ஒழுங்காகச் செய்வதென்றால் ஃபோர்க் பிடியின் போல்ட்களையும் சக்கர அச்சையும் தளர்த்தி நேராக்கி மறுபடி இறுக்க வேண்டும். அது மெக்கானிக் வேலை.

கடைசியாக ஒழுக்கு. இன்ஜின் உறையில் துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஈரம் ஊறுகிறதா என்று பாருங்கள். மயிரிழை வெடிப்பு என்றால் பெட்ரோல் தொட்ட துணியால் நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, இரண்டு களிம்பைப் பிசைந்து ஒட்டும் எபாக்சியை அப்பலாம். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், இறுகும்வரை காத்திருக்க வேண்டும். பெட்ரோல் டேங்கில் ஊசித்துளை என்றால் குளிக்கிற சோப்பைத் தேய்த்து அடையுங்கள். சிரிக்காதீர்கள், ஒரு நாள் தாங்கும். ரேடியேட்டர் இருக்கிற வண்டி என்றால் அடியில் நிறம் கலந்த தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்க்கவும் மறக்க வேண்டாம்.

எல்லாம் பார்த்தாயிற்றா, ஒரு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி நிறுத்துங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கண்ணாடி, ஃபுட்ரெஸ்ட் போல்ட்கள் தளர்ந்தனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள். கண்ணாடியை இறுக்கும்போது சில வண்டிகளில் வலது பக்கத்துக்கு மரை தலைகீழாக இருக்கும், பலவந்தம் செய்யாதீர்கள்.

தள்ளியவர் எதிரே நின்றால்

அந்தச் சிவப்புச் சில்லுக்கு வருகிறேன். இரண்டு வரிசை தள்ளி வெள்ளைக் கார் ஒன்று நின்றது, பின்விளக்கின் ஓரத்தில் ஒரு பல் உடைந்திருந்தது. ஓட்டுநர் உள்ளேயே இருந்தார். "நான் வரும்போதே உங்க வண்டி விழுந்துதாங்க கிடந்துச்சு" என்றார். நான் ஒன்றும் பேசாமல் சில்லை எடுத்து உடைந்த இடத்தில் பொருத்திக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவசரத்துல பாக்கலம்மா" என்று இறங்கி வந்தார். சத்தம் போட்டிருந்தால் அவரும் சத்தம் போட்டிருப்பார். தெரியாத ஊரில் குரல் உயர்ந்தால் கூட்டம் உள்ளூர்க்காரர் பக்கம்தான் சாயும்.

இப்படி ஒருவர் ஒத்துக்கொண்டு உடனே பணத்தை நீட்டினால், வண்டியை ஓட்டிப் பார்க்கும்வரை தொகை எதுவும் சொல்லாதீர்கள். வெளியே தெரியும் கீறலுக்கு ஒரு தொகையை வாங்கிக்கொண்ட பிறகு, பத்து கிலோமீட்டர் தள்ளி ஃபோர்க் கோணல் தெரிந்தால் யாரிடம் போவது? பெயர், தொலைபேசி எண், வண்டி நம்பர், எதிரிலேயே ஒரு அழைப்பு கொடுத்து எண் சரிதானா என்று பார்ப்பது, இவ்வளவும் முதலில். 'இத்துடன் எல்லாம் முடிந்தது' என்று எதிலும் கையெழுத்து போட வேண்டாம்.

காப்பீட்டில் கேட்கப் போகிறீர்கள் என்றால், பழுது பார்ப்பதற்கு முன்பே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். பழைய பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்றாம் நபருக்கு மட்டுமான காப்பீடு என்றால் உங்கள் வண்டியின் சேதத்துக்கு அதில் வழியில்லை. வாடகை வண்டி என்றால் தூக்குவதற்கு முன்பே உரிமையாளருக்குப் படத்தை அனுப்பிவிடுவதுதான் நல்லது. அவரைக் கேட்காமல் வழியில் ஒரு மெக்கானிக்கிடம் சரிபார்த்துக்கொண்டு போனால், இருந்த கீறல் எல்லாம் உங்கள் கணக்கில் ஏறும்.

அடுத்த நிறுத்தத்தில்

நான்கு முறைக்குப் பிறகு நிறுத்துவதிலேயே சில பழக்கங்கள் வந்துவிட்டன. முதல் கியரில் விடுவேன். சரிவு என்றால் முன்சக்கரம் மேட்டைப் பார்த்து இருக்கும். வரிசையின் கடைசியிலும், கார் பின்னால் வரும் வழியிலும் நிறுத்த மாட்டேன். ஸ்டாண்டுக்கு அடியில் வைக்கத் தட்டையான தகர மூடி ஒன்று எப்போதும் பையில் கிடக்கும். சாமான் ஏற்றிய வண்டி சைடு ஸ்டாண்டில் வழக்கத்தைவிட நிமிர்ந்து நிற்கும், கவனித்திருக்கிறீர்களா? பாரத்தில் சஸ்பென்ஷன் அமுங்கி வண்டி தாழ்ந்துவிடுகிறது, ஸ்டாண்டின் நீளம் அப்படியேதானே இருக்கிறது. அந்த நிலையில் லேசாக ஒருவர் இடித்தால் போதும், மறுபக்கம் போய்விடும். அதனால் ஸ்டாண்ட் பக்கத் தரை கொஞ்சம் தாழ்வாக இருக்கும்படி பார்த்து நிறுத்துகிறேன். கிளட்ச், பிரேக் லீவர்களைக் கவ்வியிருக்கும் போல்ட்களை, கையால் பலமாகத் தள்ளினால் நகரும் அளவுக்கு மட்டும் இறுக்கி வைத்திருக்கிறேன். விழுந்தால் லீவர் சுழன்று கொடுக்கும், உடையாது. இரண்டுக்கும் ஒவ்வோர் உபரி லீவரும் சீட்டுக்கு அடியில் இருக்கிறது.

வண்டி விழுந்த நாளின் இரவு தங்கும் இடத்தில் இன்ஜினுக்கு அடியில் ஒரு அட்டையை விரித்துவிட்டுத் தூங்கப் போவேன். காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் போய்ப் பார்ப்பது அந்த அட்டையைத்தான். போன முறை அதில் ஒரே ஒரு சொட்டு இருந்தது, கறுப்பாக. தொட்டு முகர்ந்து பார்த்தேன், செயினுக்குப் போட்ட எண்ணெய். சாமானை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.